மறுமொழி: கிராவல் பைக், டோபாத் – தமிழில் என்ன சொல்லலாம்?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

கிராவல் பைக் (சரளைக்கல் சாலைக்கான சைக்கிள்), டோபாத் (கால்வாய்ப் படகை இழுக்கப் போட்ட கரையோரப் பாதை), டிராஃபிக் ஃப்ரீ (மோட்டார் வண்டி போகாத) பாதை ஆகியவற்றுக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்து வருகிறேன். இத்தனை மடல் வந்தும் பேச்சு கிராவல் பைக் என்ற வண்டியின் பெயரைவிட்டு நகரவில்லை. அந்த வண்டிக்கே பெயர் பாதையிலிருந்துதான் வந்தது. அதனால் முதலில் பாதைக்குச் சொல் தேடுவோம் என்கிறேன். அமெரிக்காவில் செசபீக் – ஒஹையோ கால்வாயை ஒட்டிய பாதையில், கம்பர்லாந்து தொடங்கி ஜார்ஜ்டவுன் வரை ஐந்து நாள் சைக்கிள் மிதித்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த பாதை அது என்பதால் அதை வைத்தே எழுதுகிறேன்.

ஆனாலும் வண்டியை முடித்துவிட்டுப் போகிறேன்.

> "சரளை வண்டி" என்று வைத்துக்கொள்ளலாமே, சுருக்கமாக இருக்கிறது.

ஐயா, எங்கள் பக்கம் சரளை வண்டி என்றால் சரளை ஏற்றி வரும் லாரி. "சரளை மிதிவண்டி" என்று முழுதாக எழுதினால் அந்தக் குழப்பம் வராது. இந்த வண்டி பார்வைக்குப் பந்தய சைக்கிள் போலவே இருக்கும், ஹேண்டில்பாரும் அதே மாதிரி கீழே வளைந்திருக்கும். டயர்தான் வேறு: ஏறக்குறைய 40 மி.மீ. அகலம், காற்றழுத்தம் பந்தய சைக்கிளில் ஏறக்குறைய பாதிதான். கல்லின் அதிர்வை அந்த மெத்தென்ற டயர் வாங்கிக்கொள்ளும். ஆங்கிலப் பெயர் அமெரிக்க நடுமேற்கின் வயல்களுக்கு நடுவே போகும் தார் போடாத சாலைகளிலிருந்து வந்தது. கன்சாஸ் மாநிலத்து எம்போரியாவில் 2006-இல் தொடங்கிய 200 மைல் பந்தயம் அதைப் பரப்பியது. 2022-இல் இத்தாலியில் உலகச் சாம்பியன் போட்டியே நடத்திவிட்டார்கள். அதே இத்தாலியர் தங்கள் ஊர்ச் சுண்ணாம்புக்கல் சாலைகளை 'வெள்ளைச் சாலைகள்' என்றுதான் சொல்கிறார்கள், நாம் செம்மண் சாலை என்பது போல. அவரவர் மண்ணைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஓர் அம்மா "பரல்" என்ற சொல்லை எடுத்துக் கொடுத்திருந்தார். படித்ததும் நெஞ்சு நிறைந்தது. பழைய பாட்டில் பாலை வழியில் காலை உறுத்தும் கல்லும் பரல், சிலம்புக்குள் ஒலிப்பதும் பரல். நொறுக்கிய கல்மேல் டயர் உருளும் சத்தம் கேட்டவர்களுக்கு அந்தச் சொல்லின் பொருத்தம் புரியும். ஆனால் "பரற்பாதை" என்று புணர்ந்தவுடன் இன்றைய வாசகர் தடுக்கி விழுவார். கட்டுரைத் தலைப்புக்கு வைத்துக்கொள்வோம், கலைச்சொல்லுக்குச் சரளையே போதும்.

சரி, இனிப் பாதை.

> டோபாத்துக்குக் "கரைப்பாதை" போதாதா?

போதாது என்பது என் கருத்து. காவிரிப் படுகையில் எந்த வாய்க்காலின் கரையிலும் பாதை உண்டு, அதில் டிராக்டரும் போகும், சில இடங்களில் பஸ்ஸும் போகும். டோபாத் அப்படிப்பட்டதல்ல. அது படகு இழுப்பதற்காகவே போட்ட பாதை. செசபீக் – ஒஹையோ கால்வாயில் அது ஒரு கரையில் மட்டும், ஆற்றுப் பக்கமாக ஓடுகிறது. மிதித்துக்கொண்டு போகும்போது ஒரு பக்கம் கால்வாய், மறு பக்கம் பொட்டோமாக் ஆறு. கம்பர்லாந்திலிருந்து 120 டன் அளவுக்கு நிலக்கரி ஏற்றிய படகை இரண்டு மூன்று கோவேறு கழுதைகள் நீளக் கயிற்றில் இழுத்துக்கொண்டு இந்தப் பாதையில் நடந்தன. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை கழுதைகளை மாற்றுவார்கள். ஓய்வில் இருப்பவை படகின் முன்பக்கத் தொழுவத்திலேயே பயணம் செய்யும். கழுதைகளோடு நடந்தவர்களில் பலர் சிறுவர்கள். 1924 வெள்ளத்தோடு படகுகள் நின்றன, பாதை நின்றுவிடவில்லை.

மற்ற மொழிகளைப் பாருங்கள். பிரெஞ்சில் இது 'இழுக்கும் வழி'. ஜெர்மனில் 'கயிற்றுத் தடம்' என்று பொருள்படும் சொல் உண்டு. ஸ்பானியத்திலும் இழுகயிற்றின் பெயரால் அழைக்கிறார்கள். டச்சுக்காரர்கள் குதிரையை ஓட்டுவதை வைத்துப் பெயர் சொல்கிறார்கள். கரையை வைத்து யாரும் பெயரிடவில்லை. எல்லாரும் அங்கே நடந்த உழைப்பைத்தான் பெயராக்கியிருக்கிறார்கள்.

அதனால் நான் முன்வைக்கும் சொல் இழுபாதை. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. நடுவில் ப் மிகாது, "இழுப்பாதை" என்று எழுதிவிட வேண்டாம். வினைத்தொகை முக்காலத்துக்கும் பொருந்தும் என்பது இங்கே மிகவும் உதவுகிறது. கழுதை இழுத்த பாதை, இன்றும் சில ஊர்களில் சுற்றுலாப் படகைக் குதிரை இழுக்கிற பாதை, இரண்டும் ஒரே சொல்லில் அடங்கும். "இழுவைப்பாதை" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். இழுவை என்றதும் டிராக்டரோ மலைமேல் போகும் விஞ்ச்சோ நினைவுக்கு வருகிறது, அதனால் வேண்டாம்.

இந்தச் சொல்லுக்குள் இன்னொரு செய்தியும் இருக்கிறது. கழுதை இழுக்க வேண்டுமென்றால் பாதை மட்டமாக இருக்க வேண்டும். 184.5 மைல் நீளத்தில் மொத்த ஏற்றம் 605 அடிதான். அதையும், கதவால் நீரைத் தேக்கிப் படகைப் படிப்படியாக ஏற்றி இறக்கும் 74 'லாக்'குகளாகப் பிரித்திருக்கிறார்கள். (அந்த 'லாக்'குக்கு "படிமடை" என்று ஒரு சொல் தோன்றுகிறது. தனி இழையில் பேசுவோம்.) அதனால்தான் அறுபது வயதுக்காரரும் பத்து வயதுப் பிள்ளையும் இங்கே மிதிக்க முடிகிறது. தரை எங்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சில பகுதிகளில் நொறுக்கிய கல், சில பகுதிகளில் நம்மூர் மாட்டு வண்டித் தடம் போல இரண்டு கோடும் நடுவில் புல்லும். மூன்றாம் நாள் மழை பெய்து களிமண் டயரில் அப்பிக்கொண்டது, சில மைல் தள்ளிக்கொண்டுதான் போனேன். கால்வாய் மலையைக் குடைந்து போகும் பாவ் பாவ் சுரங்கத்திலும் இறங்கித் தள்ள வேண்டும். 3,118 அடி நீளம், செங்கல் பாவிய சுவர், உள்ளே கும்மிருட்டு. ஓரக் கைப்பிடி மரத்தில் இழுகயிறு உராய்ந்த பள்ளங்களைக் கையால் தடவிப் பார்த்தேன். இழுபாதை என்ற சொல் எனக்கு அங்கேதான் தோன்றியது.

> "டிராஃபிக் ஃப்ரீ"க்குப் "போக்குவரத்தற்ற" என்று பலரும் எழுதுகிறோம்.

நடப்பவரும் மிதிப்பவரும் போவதும் வருவதும் போக்குவரத்துத்தானே? இல்லாதது மோட்டார் மட்டும். பிரெஞ்சில் இப்படிப்பட்ட பாதைக்குப் 'பச்சை வழி' என்று பெயர், 2004-இல் சாலை விதிகளிலேயே சேர்த்துவிட்டார்கள். அதைத் தமிழாக்கினால் நம்மிடம் பசுமைவழிச் சாலை ஆகிவிடும். அந்தப் பெயரை நாம் எட்டுவழிச் சாலைக்குக் கொடுத்துவிட்டோம்.

எது இல்லை என்பதைவிட யாருக்கு உரியது என்பதைச் சொல்லும் சொல் நல்லது. "நடைமிதி பாதை" எப்படி? நடக்கவும் மிதிக்கவும் உரிய பாதை. மிதியடி நினைவுக்கு வருகிறது என்று யாராவது சொல்லலாம், அந்தக் குறை எனக்கும் தெரிகிறது. ஆனாலும் இந்தச் சொல்லுக்காக வாதாடுவேன், காரணம் உண்டு. செசபீக் – ஒஹையோ கால்வாயின் மேல் மோட்டார் சாலை போட ஒரு காலத்தில் திட்டம் இருந்தது. வாஷிங்டன் போஸ்ட் அதை ஆதரித்துத் தலையங்கம் எழுதியது. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ், என்னோடு இந்தப் பாதையை நடந்து பாருங்கள் என்று ஆசிரியர்களை அழைத்தார். 1954 மார்ச்சில் எட்டு நாள் நடை. முழுத் தூரத்தையும் நடந்து முடித்தவர்கள் ஒன்பது பேர். பத்திரிகை தன் கருத்தை மாற்றிக்கொண்டது, 1971-இல் கால்வாய் தேசிய வரலாற்றுப் பூங்கா ஆனது. இன்று சில மைலுக்கு ஓரிடத்தில் கூடாரம் போட இடமும் அடிபம்பும் இருக்கின்றன, ஹாரன் சத்தம் இல்லை. நடந்து காப்பாற்றிய பாதைக்குப் பெயரிலும் நடை இருக்கட்டும்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். பக்கிங்காம் கால்வாயில் உப்பும் விறகும் ஏற்றிய படகுகளைக் கரையில் நடந்தபடி கயிற்றால் இழுத்தவர்கள் நம்மவர்கள். அவர்கள் நடந்த தடத்துக்கு அவர்கள் பேச்சில் ஒரு பெயர் இருந்திருக்கும். கோவளம், மரக்காணம் பக்கம் உறவு உள்ளவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு இங்கே எழுதுங்கள். அந்தச் சொல் கிடைத்தால் இழுபாதையை நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.