தினசரி யூஸுக்கு ரக்டு லேப்டாப் வாங்கலாமா? கொஞ்சம் அவசரம்

மழைக்காகம்
எல்லாருக்கும் வணக்கம். இப்ப வச்சிருந்த லேப்டாப்பும் போச்சு. என் கைக்கு எந்த லேப்டாப்பும் ரொம்ப நாள் நிக்க மாட்டேங்குது, அதான் இந்த தடவ காசு போனா போகுதுன்னு ஒரேடியா ரக்டு லேப்டாப் (விழுந்தாலும் நனைஞ்சாலும் தாங்குற மாதிரி செஞ்சது) எடுத்துரலாம்னு பாக்குறேன். பேனசோனிக் டஃப்புக், கீடாக், டெல் ரக்டு எல்லாம் பாத்துட்டேன், சாதா லேப்டாப்ப விட ரெண்டு மூணு மடங்கு விலை வருது. தினசரி யூஸுக்குத்தான். வாங்கலாமா வேண்டாமா? வேலை நிக்குது, சீக்கிரம் சொல்லுங்க.

நீலவானம்
போச்சுன்னா எது போச்சு? விழுந்து டிஸ்ப்ளே உடைஞ்சுதா, தண்ணி பட்டுச்சா, மதர்போர்டு போச்சா? தினசரி யூஸ்னா என்ன வேலை, வெளிய தூக்கிட்டுப் போவீங்களா, வீட்லயே இருக்குமா? இது தெரியாம யாரும் பதில் சொல்ல முடியாது ப்ரோ.

பழையகை
யோசிக்கவே வேணாம், டஃப்புக் எடுங்க. 1996ல இருந்து இதே வேலையா இருக்காங்க. நான் பழசு ஒண்ணு வச்சிருக்கேன், மாடிப்படில உருண்டு விழுந்துருக்கு, மழைல நனைஞ்சுருக்கு, துடைச்சுட்டு ஆன் பண்ணா ஓடுது. மெக்னீசியம் பாடி, தூக்க கைப்பிடி, வயர் சொருகுற போர்ட்டுக்கெல்லாம் மூடி. ஒரு தடவ செலவு பண்ணா அதோட முடிஞ்சுது.

பைட்மணி
கேள்விய ஒழுங்கா கேக்கக் கத்துக்கிட்டு அப்புறம் லேப்டாப் வாங்குங்க. என்ன மாடல், எப்படி உடைஞ்சுது, என்ன சாஃப்ட்வேர் ஓட்டுறீங்க, எதுவும் இல்ல. மில் எஸ்டிடி 810னு பெட்டில எழுதியிருக்குறத பாத்து மயங்குறவங்கதான் இங்க அதிகம். அது சர்டிஃபிகேட்டே கிடையாது. அமெரிக்க ராணுவம் எழுதி வச்ச டெஸ்ட் முறை, அவ்வளவுதான். அதுல எந்த டெஸ்ட் பண்ணணும்னு கம்பெனியே பொறுக்கி எடுத்துக்கலாம். பாஸ்னு முத்திரை குத்த தனியா ஒரு ஆபீஸும் இல்ல.

தறிநூல்
அப்படின்னா சாதா ஆபீஸ் லேப்டாப்பான லெனோவா திங்க்பேட்லயும் 810 போட்டுருக்கே, ரெண்டும் ஒண்ணுதானே? நம்ம ஆளு எதுக்கு மூணு மடங்கு குடுக்கணும்?

பழையகை
ரெண்டும் ஒண்ணா? டஃப்புக் 40க்கு தூசி, தண்ணி தாங்குற அளவு ஐபி66, அதாவது தூசி உள்ளயே போகாது, பைப்ல தண்ணி பீய்ச்சி அடிச்சாலும் தாங்கும். திங்க்பேட்ல கீபோர்டு மேல கொட்டுனா கீழ வடியிற மாதிரி ஓட்டை வச்சிருப்பாங்க, அவ்வளவுதான். பைட்மணி சாருக்கு எத சொன்னாலும் மட்டம்.

பைட்மணி
நான் எதையும் மட்டம்னு சொல்லல, படிச்சுட்டுப் பேசுங்கன்னு சொல்றேன். 810ஓட ஜி பதிப்புல இருக்குற விழுற டெஸ்ட்ல 122 சென்டிமீட்டர் உயரத்துல இருந்து 26 தடவ போடுவாங்க: 6 பக்கம், 12 விளிம்பு, 8 மூலை. விழுறது கான்க்ரீட் மேல விரிச்ச 2 இன்ச் ப்ளைவுட்ல. அந்த 26ஐயும் அஞ்சு பீஸ் வரைக்கும் பிரிச்சுக்கலாம்னு ரூல்லயே இருக்கு. ஒரே லேப்டாப் 26 தடவயும் விழுந்து எந்திரிச்சுதுன்னு நினைச்சுக்காதீங்க. ஐபி நம்பர் வேற கதை, அது ஐஇசி 60529ங்கிற சர்வதேச தரம். அதுவும் போர்ட் மூடியெல்லாம் மூடி இருந்தாத்தான் செல்லும், சார்ஜர் சொருகி இருக்கும்போது தண்ணி ஊத்துனா யாரும் பொறுப்பில்ல.

பழையகை
விழுந்ததுக்கு அப்புறமும் என்னோடது ஓடுது சார், எனக்கு அதுதான் டெஸ்ட்.

நீலவானம்
கேட்டவர விட்டுட்டு நீங்க ரெண்டு பேரும் மல்லுக்கட்டுறீங்க. மழைக்காகம், இருக்கீங்களா?

மழைக்காகம்
இருக்கேன், சாரி, ஆபீஸ் கால்ல இருந்தேன். வீட்ல இருந்துதான் வேலை, வாரத்துல ஒண்ணு ரெண்டு நாள் பேக்ல போட்டு பைக்ல ஆபீஸ் போவேன். எக்ஸெல், பிரவுசர், வீடியோ கால், அவ்வளவுதான். இப்ப போனதுல திரை திறக்குற இடம் பிளந்துக்கிச்சு, மூடுனா டக்குன்னு சத்தம் வருது, சார்ஜ் போர்ட்டும் ஆடுது, கேபிள ஒரு பக்கமா சாய்ச்சுப் புடிச்சாத்தான் ஏறும். அதுக்கு முந்தினதும் சார்ஜ் போர்ட்தான். வீட்ல சின்னப் பசங்க இருக்காங்க, வயர்ல கால் மாட்டி ஒரு தடவ டேபிள்ல இருந்து கீழ வந்துச்சு, ஆனா அப்ப ஒண்ணும் ஆகல.

ஸ்க்ரூடிரைவர்
இத மொதல்லயே சொல்லிருந்தா இவ்ளோ நீளம் போயிருக்காது. நான் லேப்டாப் சர்வீஸ் பண்றவன், டேபிளுக்கு வர்றதுல பாதி இந்த ரெண்டு கேஸ்தான்.

முதல்ல ஹின்ஜ், அதாவது திரையையும் அடிப்பாகத்தையும் சேக்குற கீல். நீங்க சொல்ற பிளவுல ஹின்ஜ் உடைஞ்சிருக்காது. ஹின்ஜ் இரும்பு, அது நல்லாத்தான் இருக்கும். அத புடிச்சிருக்குற ஸ்க்ரூ, பிளாஸ்டிக்ல புதைச்ச குட்டி பித்தளை நட்ல ஏறியிருக்கும், அந்த பிளாஸ்டிக் பேந்துடும். ஹின்ஜ் டைட்டா இருந்து, தினமும் ஒரு மூலைய மட்டும் புடிச்சு திரைய தூக்குனா எல்லா இழுவையும் ஒரே பக்கம் விழும். இனிமே திரைய நடுவுல புடிச்சு திறங்க. பிளந்த நிலைல திறந்து மூடாதீங்க, உள்ள டிஸ்ப்ளே கேபிள் அறுந்தா செலவு இன்னும் ஏறும். கீழ் மூடியோ பின் மூடியோ மாத்துனா பெரும்பாலும் சரியாயிடும்.

அடுத்தது சார்ஜ் போர்ட். பழைய உருண்டை பின் மாடல்ல ஜாக் தனி வயரோட இருக்கும், அஞ்சு நிமிஷ வேலை. இப்ப வர்ற டைப் சி நிறைய மாடல்ல நேரா மதர்போர்டுல சால்டர் பண்ணிருக்காங்க, ஆடுனா மதர்போர்டோட தலைவலி. உங்க வீட்ல வயர் தட்டுப்படுறதுதான் நோய். அதுக்கு எல் வடிவ கேபிள் போட்டு, வயர டேபிள் காலோட கட்டி விடுங்க. ரக்டு லேப்டாப் வாங்குனாலும் வயர் அதே இடத்துல கிடந்தா இழுவை அதே போர்ட்லதான் விழும். போர்ட் மூடி சார்ஜ் ஏத்தும்போது திறந்துதானே இருக்கும்?

தறிநூல்
காந்த கனெக்டர் போட்டா வயர் தட்டுனதும் தானா கழண்டுக்குமே, அது வாங்கச் சொல்லுங்க.

ஸ்க்ரூடிரைவர்
வேணாம் தம்பி. டைப் சி விதிமுறைல அப்படி ஒண்ணு கிடையாது. பின் எல்லாம் வெளிய தெரியும், காந்தத்துல இரும்புத்தூள் ஒட்டி ஷார்ட் ஆனா மதர்போர்டே போயிடும்.

பழையகை
எல்லாம் சரிதான், ஆனா பசங்க இருக்குற வீட்டுக்கு ரக்டு நல்லதுதானேங்க? டேபிள் உயரம் எவ்ளோ, 75 சென்டிமீட்டர். 122 தாங்குறதுக்கு இது ஒரு பொருட்டா?

நீலவானம்
தாங்கும், இல்லன்னு யாரு சொன்னா. ஆனா அவர் டேபிள்ல இருந்து விழுந்தது இப்ப இருந்த சாதா லேப்டாப்புதான், அதுக்கும் ஒண்ணும் ஆகல. எஸ்எஸ்டி வந்ததுக்கு அப்புறம் உள்ள சுத்துற தட்டு இல்ல, முன்னாடி மாதிரி ஒரு இடிக்கே டேட்டா போற பயம் குறைஞ்சிருச்சு. டஃப்புக் 40 மாதிரி முழு ரக்டு மூணு கிலோவுக்கு மேல வரும், சார்ஜர் தனி. அத முதுகுல மாட்டி பைக்ல போறது அவருக்குத்தான் கஷ்டம். 1200 நிட்ஸ் (திரை வெளிச்சத்தோட அளவு) ஸ்கிரீனுக்கும் காசு குடுக்குறோம், வெயில்ல நின்னு வேலை செய்றவங்களுக்கு அது உயிர், வீட்டுக்குள்ள பாதி வெளிச்சத்துக்குக் கூட அவர் வைக்க மாட்டாரு. சர்வே எடுக்குறவங்க, ஆம்புலன்ஸ், சுரங்கம், இந்த மாதிரி வேலைக்கு அது சரியான பொருள்.

தறிநூல்
பழைய ரக்டு செகண்ட் ஹேண்ட்ல கம்மியா வருதே?

பைட்மணி
வரும். ஆபீஸ், போலீஸ்னு கழிச்சுவிட்டது. பயாஸ்ல (விண்டோஸுக்கு முன்னாடி ஓடுற அடிப்படை செட்டிங்) பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி வரும், பேட்டரி செத்திருக்கும். இன்டெல்னா 8ஆம் தலைமுறைக்குக் கீழ இருந்தா விண்டோஸ் 11க்கு பெரும்பாலும் ஆதரவு கிடையாது, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட இலவச அப்டேட் பொதுவா முடிஞ்சுது. இத கூட பாக்காம வாங்குறவங்களுக்கு என்ன சொல்றது.

பழையகை
லினக்ஸ் போட்டா எல்லாம் ஓடும்.

பைட்மணி
அவர் ஆபீஸ் எக்ஸெல்ல லினக்ஸ்ல நீங்க வந்து ஓட்டிக் குடுப்பீங்களா?

ஸ்க்ரூடிரைவர்
ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. மழைக்காகம், என் கருத்து இதுதான்: ரக்டு வேணாம். டெல் லேட்டிடியூட் (2025ல இருந்து புது மாடலுக்கு டெல் ப்ரோன்னு பேரு), ஹெச்பி எலைட்புக், திங்க்பேட் டி சீரிஸ் மாதிரி ஆபீஸ் லைன்ல ஒண்ணு எடுங்க, ஸ்பேர் கிடைக்கும், சர்வீஸ் மேனுவல் கம்பெனியே வெளிய விட்டிருக்கும், கழட்டி மாட்டவும் லேசு. டைப் சி போர்ட் ரெண்டு இருக்குறதா பாருங்க, ஒண்ணு ஆடுனா இன்னொண்ணுல ஓட்டலாம். மிச்சமாகுற காசுல விழுந்தா உடைஞ்சா பாத்துக்குற ஆக்ஸிடென்டல் டேமேஜ் கவர் சேத்து எடுங்க, சாதா வாரண்டில உடைஞ்சது வராது, அதுல தயாரிப்புக் குறை மட்டும்தான். பேக்கப்புக்கு ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கும் வாங்கிடுங்க. எவ்ளோ கெட்டியான லேப்டாப்பா இருந்தாலும் திருட்டுப் போனா உள்ள இருக்குற ஃபைல் வராது.

நீலவானம்
அதுக்கும் முன்னாடி இப்ப இருக்குறத ரிப்பேருக்குக் குடுத்து எவ்ளோ ஆகும்னு கேளுங்க. மாடல் சொன்னா பார்ட் கிடைக்குமான்னு நானும் தேடிப் பாக்குறேன்.

மழைக்காகம்
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஹின்ஜ் மூடி கிடைக்குதாம், மாத்தக் குடுத்துட்டேன், போர்ட்ட திறந்து பாத்துட்டு சொல்றேன்னாங்க. அது வரைக்கும் புதுசு வாங்கல. ரக்டு வேணாம்னு முடிவு பண்ணிட்டேன்.

ஸ்க்ரூடிரைவர்
நல்லது. போர்ட் தனி போர்டுல இருக்கா, மதர்போர்டுலயே இருக்கான்னு கேட்டு எழுதுங்க, மதர்போர்டுனா மாத்துற முன்னாடி ஒரு தடவ இங்க சொல்லுங்க.

பழையகை
மாடல் என்னன்னு கடைசி வரைக்கும் சொல்லலையே?