நீச்சல் பயிற்சியும் ஓயாத சளியும்: எங்கள் வீட்டில் நடந்தது இது, உங்கள் வீட்டில்?

காரைக்குடி, 13 வயது மகளின் அம்மா:

என் மகளுக்கு நீச்சல் பழக்கியது அவள் ஐயா. பள்ளத்தூர்த் தோட்டத்துக் கிணற்றில், முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி இறக்கிவிட்டபோது அவளுக்கு ஆறு வயது. கோடை விடுமுறை முழுக்க அந்தக் கிணற்றில்தான் கிடப்பாள். கண் சிவந்து, விரல் நுனியெல்லாம் சுருங்கித்தான் மேலே ஏறி வருவாள். ஒரு தும்மல் வந்ததில்லை. அதனால்தான் போன வருஷம் நடந்தது எனக்குப் பிடிபடவே இல்லை.

போன ஜூனில் போட்டிப் பயிற்சியில் சேர்த்தோம். காலை 5 முதல் 7 வரை, வாரம் ஆறு நாள். ஒரு வேளைக்கு 2,000 மீட்டர். மாநிலப் போட்டி வருகிறது என்று செப்டம்பரில் அதை 4,000 ஆக்கினார்கள். மாலையிலும் ஒன்றரை மணி நேரம் வரச் சொன்னார்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றவில்லை. ஒரு திங்கட்கிழமை 2,000, அடுத்த திங்கட்கிழமை 4,000. அக்டோபரில் ஆரம்பித்து ஜனவரிக்குள் நாலு தடவை படுத்துவிட்டாள். முதலில் தொண்டை வலி, பிறகு சளி, ஒரு தடவை 102 டிகிரி காய்ச்சல். இடையிடையே வாய்ப்புண் வேறு. வேளச்சேரி நீச்சல் வளாகத்தில் போட்டி நடந்த அன்று இருமிக்கொண்டேதான் தண்ணீரில் இறங்கினாள். 200 மீட்டர் ஃப்ரீ ஸ்டைலில் தன் பழைய நேரத்தைவிட ஆறு விநாடி பின்தங்கி, வெளியே வந்து துண்டால் முகத்தை மூடி உட்கார்ந்துகொண்டாள். ஊர் வந்து சேரும்வரை பேசவில்லை.

ஈரத் தலையோடு ஸ்கூட்டியில் வருவதுதான் காரணம் என்று அப்பத்தா சொன்னார். குளத்துத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார் என் அண்ணன். "சளிக்கெல்லாம் லீவு போட்டா மெடல் எங்கேருந்து வரும்?" என்று பயிற்சியாளர் கேட்டார். நான் மிளகு ரசமும் தூதுவளைத் துவையலும் மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சமையலறையில் தொங்கும் மாத நாட்காட்டியில் பால் கணக்கு எழுதுவது என் வழக்கம். அவள் நீந்திய தூரம், தேர்வு நாள், காய்ச்சல் நாள் எல்லாம் அதே கட்டங்களில்தான் குறிப்பேன். பொங்கலுக்குப் பழைய நாட்காட்டியைக் கழற்றும்போது ஒரு நாள் உட்கார்ந்து பின்னோக்கிப் பார்த்தேன். நாலு தடவையில் மூன்று தடவை, தூரம் அதிகமாக இருந்த நாட்களை ஒட்டியே வந்திருந்தது. அந்த மூன்றிலும் பள்ளித் தேர்வும் கூடவே இருந்தது. தேர்வு நாட்களில் இரவு 11 மணிக்குப் படுத்து 4:15-க்கு எழுந்திருக்கிறாள். ஐந்தே கால் மணி நேரத் தூக்கம். மழை பெய்த நாட்களுக்கும் சளிக்கும் எந்தச் சம்பந்தமும் தெரியவில்லை.

உங்கள் பிள்ளைகளுக்கு இப்படி நடந்ததா? என்ன மாற்றினீர்கள்? நீச்சலை நிறுத்துவதைத் தவிர வேறு வழி இருக்கிறதா?

தேவகோட்டை, உடற்கல்வி ஆசிரியர்:

அம்மா, அந்த நாட்காட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இருபது வருஷமாகப் பிள்ளைகளைப் பழக்குகிறேன். இப்படி ஒரு கணக்கை எந்தப் பெற்றோரும் என்னிடம் கொண்டுவந்து காட்டியதில்லை.

நீங்கள் பார்த்தது புதிதல்ல. 1987-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் மாரத்தானில் ஓடியவர்களைப் பிறகு விசாரித்தார்கள். அடுத்த ஒரு வாரத்தில் அவர்களில் 12.9 சதவீதம் பேர் சளி, காய்ச்சலில் படுத்திருந்தார்கள். அதே அளவு பயிற்சி எடுத்தும் அன்றைக்கு ஓடாமல் விட்டவர்களில் 2.2 சதவீதம் பேர்தான். அந்த ஆராய்ச்சியைச் செய்த டேவிட் நீமன் பிறகு இதை ஆங்கில 'ஜே' எழுத்து வடிவ வளைவாக வரைந்தார். சும்மா உட்கார்ந்திருப்பவனைவிட அளவாகப் பயிற்சி செய்பவனுக்கு நோய் குறைவு. எல்லை மீறிச் செய்பவனுக்கு இருவரையும்விட அதிகம். உங்கள் மகள் கிணற்றில் கிடந்தது வளைவின் அடிப்பகுதி. செப்டம்பரில் ஒரே வாரத்தில் அவளை மேல் நுனிக்கு ஏற்றிவிட்டார்கள்.

நீச்சல்காரர்களை வைத்தே ஆஸ்திரேலியாவில் பார்த்திருக்கிறார்கள். நம் எச்சிலில் 'ஐஜிஏ' என்று ஒரு எதிர்ப்புப் புரதம் உண்டு. மூக்கு, தொண்டை வழியாக வரும் கிருமியை வாசலிலேயே மறிப்பது அதுதான். முன்னணி வீரர்களுக்கு ஏழு மாதப் பயிற்சிக் காலம் முழுக்க அது இறங்கிக்கொண்டே போனது. அளவு குறைந்தவர்களுக்குத் தொற்றும் அதிகம் வந்தது. அவர்கள் எல்லாரும் உச்சத்தில் இருக்கும் வீரர்கள். 13 வயதுப் பிள்ளைக்கு அதை அப்படியே போட்டுப் பார்க்கக் கூடாது. ஆனாலும் உடம்பு போகும் திசை அதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடும் பயிற்சி முடிந்து சில மணி நேரம் ரத்தத்தில் நிணநீர் அணுக்கள், அதாவது கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்கள், குறைவாக இருக்கும். அதைப் பார்த்து, எதிர்ப்புச் சக்தியே படுத்துவிடுகிறது என்று நாங்கள் படித்த காலத்தில் பாடம் நடத்தினார்கள். நானும் பிள்ளைகளிடம் அப்படித்தான் சொன்னேன். 2018-இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் இருவர் இதை மறுத்து எழுதினார்கள். அந்த அணுக்கள் சாவதில்லை, நுரையீரல், குடல் போன்ற இடங்களுக்குக் காவலுக்குப் போகின்றன என்பது அவர்கள் வாதம். அப்படியானால் வீரர்கள் ஏன் படுக்கிறார்கள்? தூக்கமின்மை, பயணம், கூட்டம், பசி, மனக்கவலை இவையெல்லாம் பயிற்சியோடு ஒட்டிக்கொண்டே வருகின்றன. எனக்கு இந்த விளக்கம்தான் சரியாகப் படுகிறது. உங்கள் நாட்காட்டியில் தூரத்துக்குப் பக்கத்திலேயே தேர்வு இருந்தது, பாருங்கள்.

தூக்கத்தை மட்டும் தனியாகச் சொல்கிறேன். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 153 பேரின் மூக்கில் சளி வைரஸைச் சொட்டு விட்டுப் பார்த்தார்கள். முடிவு 2009-இல் வந்தது. எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ தூங்கியவர்களைவிட, ஏழுக்குக் கீழே தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. பதின்வயதுப் பிள்ளைக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் வேண்டும். உங்கள் மகளுக்கு ஐந்தே கால்!

கோட்டையூர், இரண்டு பையன்களின் அப்பா:

சார், எங்கள் பயிற்சி இடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வைட்டமின் சி மாத்திரை வாங்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

தேவகோட்டை, உடற்கல்வி ஆசிரியர்:

தம்பி, இஸ்ரேலில் பதின்வயது நீச்சல் பிள்ளைகளுக்கே கொடுத்துப் பார்த்தார்கள். தினம் ஒரு கிராம், மூன்று மாதம். சளி பிடிப்பது குறையவில்லை. பையன்களுக்கு மட்டும் சளி இருந்த நாட்கள் குறைந்தன. நான் வாங்கச் சொல்வதில்லை. நெல்லிக்காயும் கொய்யாவும் போதும். அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள்.

சிங்கப்பூர் (சொந்த ஊர் கானாடுகாத்தான்):

எங்கள் அனுபவம் கொஞ்சம் வேறு. என் இளைய மகன் இங்கே உள்ளரங்கக் குளத்தில் இரண்டு வருஷம் பயிற்சி எடுத்தான். எப்போதும் மூக்கு ஒழுகும், இரவில் வறட்டு இருமல். ஒவ்வொரு தடவையும் தொற்று என்றே நினைத்து மூன்று தடவை ஆன்டிபயாடிக் கொடுத்துவிட்டோம். அதை நினைத்தால் இப்போதும் மனசு வலிக்கிறது. அவனுக்குக் கிருமியே இல்லை. விடுமுறைக்கு ஊருக்கு வந்து மூன்று வாரம் வளவு வீட்டில் இருந்தபோது எல்லாம் தானாக நின்றது. திரும்பிப் போய்க் குளத்தில் இறங்கிய இரண்டாம் நாளே ஆரம்பித்தது. அப்போதுதான் நுரையீரல் நிபுணரிடம் போனோம்.

அவர் சொன்னது இது. குளத்தில் மூக்கைத் துளைக்கும் வாடை வெறும் குளோரின் வாடை அல்ல. வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள யூரியாவோடு குளோரின் சேர்ந்து குளோரமைன்கள் உண்டாகின்றன. அவற்றில் ட்ரைகுளோரமைன் ஆவியாகித் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலேயே நிற்கும். நீந்துகிற பிள்ளை மூச்சு இழுப்பதும் அங்கேதான். காற்றோட்டம் இல்லாத கூரைக்குக் கீழே இது கூடிக்கொண்டே போகும். மூக்கு, மூச்சுக்குழாயின் உள்தோல் எரிந்து சளி மாதிரியே ஒழுகும். என் மகனுக்கு லேசான ஆஸ்துமா இருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. திறந்தவெளிக் குளத்துக்கு மாற்றினோம், நீந்துவதற்கு முன்னால் இன்ஹேலர். இன்றைக்கும் நீந்துகிறான்.

காரைக்குடிக்காரர்களுக்குக் குளோரின் அந்நியப் பொருள் இல்லை. உப்புத் தண்ணீரில் மின்சாரம் செலுத்திக் குளோரின் எடுக்கும் முறையில் நம் ஊர் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரியே ஆராய்ச்சி செய்திருக்கிறது. தண்ணீரைச் சுத்தமாக வைக்க அது வேண்டும். குளத்தில் இறங்கும் ஒவ்வொருவரும் முதலில் நன்றாகக் குளித்துவிட்டு இறங்கினாலே பாதிப் பிரச்சினை குறையும். அக்கா, உங்கள் மகளுக்குக் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்ததால் அது தொற்றாகத்தான் இருக்கும். காய்ச்சல் இல்லாமல் மூக்கு மட்டும் ஒழுகுகிற பிள்ளைகளின் பெற்றோருக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

புதுவயல், கல்லூரி மாணவி:

நான் பத்தாவது வரை நீந்தினேன். பட்டர்ஃபிளை என் ஸ்ட்ரோக். மண்டலப் போட்டிக்கு முன்னால் காய்ச்சலும் உடம்பு வலியும் இருந்தும் வீட்டில் சொல்லாமல் நான்கு நாள் பயிற்சிக்குப் போனேன். சொன்னால் அணியிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்ற பயம். ஐந்தாம் நாள் குளத்தின் நடுவில் மூச்சு முட்டியது, நெஞ்சு படபடத்தது, லேன் கயிற்றைப் பிடித்துத் தொங்கிவிட்டேன். மதுரைக்குக் கொண்டுபோய் இசிஜி, எக்கோ எல்லாம் எடுத்தார்கள். வைரஸ் காய்ச்சலோடு கடுமையாகப் பயிற்சி செய்தால் சிலருக்கு இதயத் தசையே வீங்கிவிடும் என்று அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். எனக்கு அது இல்லை. ஆனால் முடிவு வரும்வரை என் ஆத்தா அந்த வராண்டாவில் உட்கார்ந்திருந்ததை நான் மறக்க மாட்டேன்.

அந்த மருத்துவர் கழுத்தைத் தொட்டுக் காட்டி ஒரு கணக்குச் சொன்னார். தொல்லை கழுத்துக்கு மேலே மட்டும் என்றால், அதாவது மூக்கொழுகல், லேசான தொண்டைக் கரகரப்பு என்றால், மெதுவாக நீந்திப் பார்க்கலாம். கழுத்துக்குக் கீழே இறங்கினால், நெஞ்சுச் சளி, உடம்பு வலி, வயிற்றுப்போக்கு, எந்த அளவிலாவது காய்ச்சல் என்றால், குளத்துப் பக்கமே போகக் கூடாது. பிள்ளைகள் பயத்தில் மறைப்பார்கள், அக்கா. தினமும் காலையில் நீங்களே நெற்றியைத் தொட்டுப் பாருங்கள். நானும் "ஒண்ணுமில்லம்மா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

காரைக்குடி, 13 வயது மகளின் அம்மா:

எல்லாரும் எழுதியதை மகளுக்கும் படித்துக் காட்டினேன். புதுவயல் தங்கை எழுதியதைக் கேட்டதும், டிசம்பரில் இரண்டு நாள் காய்ச்சலை மறைத்ததாகச் சொல்லி அழுதாள்.

பொங்கலுக்குப் பிறகு பயிற்சி இடத்தை மாற்றிவிட்டோம். இங்கே வாரத்துக்குப் பத்து சதவீதம் அளவில்தான் தூரத்தைக் கூட்டுகிறார்கள், நாலாவது வாரம் குறைக்கிறார்கள். பள்ளித் தேர்வு வாரத்தில் காலைப் பயிற்சி கிடையாது. இரவு 8:30-க்குப் படுக்கை. முன்பு வெறும் வயிற்றோடு தண்ணீரில் இறங்குவாள். இப்போது கிளம்பும்போது இரண்டு வாழைப்பழம், இடையில் குடிக்கக் கருப்பட்டித் தண்ணீர். மாவுச்சத்து வயிற்றுக்குள் போனால் கார்டிசால் மாதிரியான அழுத்த ஹார்மோன்கள் அவ்வளவாக ஏறாது என்று குழந்தை மருத்துவர் சொன்னார். கரையேறியதும் ஹாட் பாக்ஸில் இட்லி. மாலையில் அப்பத்தா கும்மாயம் கிண்டி வைக்கிறார். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.2 இருந்தது, அதற்கு இரும்புச் சத்து மாத்திரை ஓடுகிறது. தண்ணீர் பாட்டிலை யாரோடும் பகிர்வதில்லை. ஜனவரிக்குப் பிறகு ஒரே ஒரு தடவை சளி, மூன்று நாளில் போய்விட்டது.

சார், ஒரு சந்தேகம். அடுத்த போட்டிக்குச் சென்னை போக விடியற்காலைப் பல்லவன் ரயிலில் டிக்கெட் போட்டிருக்கிறேன். 4 மணிக்கே எழுப்ப வேண்டிவரும். போட்டி அதற்கு மறுநாள் காலை. இரண்டு நாள் முன்னதாகவே போய்விடட்டுமா?

தேவகோட்டை, உடற்கல்வி ஆசிரியர்:

முன்னதாகவே போங்கள் அம்மா. கடைசி இரண்டு வாரம் எப்படியும் தூரத்தைக் குறைத்துவிடுவார்கள், ஒரு நாள் பயிற்சி போனால் ஒன்றும் ஆகாது. போகிற வீட்டில் யாருக்காவது இருமல் இருக்கிறதா என்று முதலில் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.