பேஸ்மேக்கர் மாற்றிய பிறகு மறுபடி நீச்சல்: உங்கள் அனுபவம் எப்படி?

இதயத் துடிப்பைச் சீராக்கும் என் பேஸ்மேக்கரின் பேட்டரி தீரப்போகிறது என்று செக்கப்பில் சொன்னதுமே, "மறுபடி எப்போது நீந்தலாம்?" என்று கேட்டேன். டாக்டர் சிரித்துவிட்டார். முதல் தடவை பொருத்தியபோது 6 வாரம் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கவிடவில்லை. புது லீட் (பெட்டியிலிருந்து இதயத்துக்குப் போகும் வயர்) இதயத்தில் நன்றாகப் பிடிக்கும்வரை அசையக் கூடாதாம். இந்தத் தடவை பழைய லீட்கள் நன்றாக இருந்ததால் பெட்டியை மட்டும் மாற்றினார்கள். (பேட்டரி டைட்டானியக் கூட்டுக்குள் மூடிக் கிடக்கிறது, தனியாகக் கழற்ற முடியாது.) அதனால் கையைப் பற்றி அதிகம் பேச்சில்லை. பேச்செல்லாம் தையல் போட்ட இடத்தைப் பற்றித்தான்.

ஏற்கெனவே கீறிய இடத்தையே திறந்து மூடுவதால், மாற்றும்போது தொற்று அபாயம் முதல் தடவையைவிடக் கூடுதல். உள்ளே தொற்றிக்கொண்டால் மருந்தோடு போகாது, பெட்டி, லீட் எல்லாவற்றையும் எடுக்க வேண்டி வரலாம். பக்கு முழுக்க உதிர்ந்து, சிவப்போ கசிவோ இல்லை என்று அவரே அழுத்திப் பார்த்துச் சொன்ன பிறகுதான் குளத்தில் இறங்கினேன். குளோரின் போட்ட தண்ணீர்தானே என்று கேட்டதற்கு, ஆறாத புண்ணுக்கு எல்லாத் தண்ணீரும் ஒன்றுதான் என்று சொல்லியிருந்தார்.

இறங்கினால், சிக்கல் வேறு இடத்தில்! நிதானமாகத்தான் நீந்தினேன், பாதிக் குளத்திலேயே மூச்சு வாங்கியது. நடக்கும்போது இப்படி இல்லை. என் இதயம் தானாக வேகமெடுக்காது, கருவிதான் கூட்ட வேண்டும். அது உடம்பு குலுங்குவதை வைத்துத்தான் நான் வேலை செய்கிறேனா என்று கணிக்கிறது. தண்ணீரில் அந்தக் குலுக்கல் குறைவு. நான் சும்மா படுத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது, பாவம். அடுத்த செக்கப்பில் சென்சாரைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்கள். இப்போது பரவாயில்லை.

*

அண்ணா, எனக்கும் மாற்றியாகிவிட்டது. என் லீட் காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவில் போகிறது. கையைத் திரும்பத் திரும்ப மேலே சுழற்றினால் நாளடைவில் நசுங்கித் தேயலாம் என்று ஃப்ரீஸ்டைலைக் குறைக்கச் சொன்னார்கள். எல்லோருக்கும் இது பொருந்தாது, லீட் போகும் ரத்தக்குழாயைப் பொறுத்தது. நான் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்குக்கு மாறிவிட்டேன். வேகம் போச்சு, ஆனால் நீச்சல் இருக்கிறது. அப்புறம், மாற்றுவதற்கே பயப்படுகிறவர்களுக்கு: 1958-ல் ஸ்வீடனில் முதன்முதலில் பேஸ்மேக்கர் உடம்புக்குள் பொருத்தப்பட்ட ஆர்னே லார்சன் இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றி, 2001 வரை வாழ்ந்தார்.

*

என்னுடையது ஐசிடி (இதயத் துடிப்பு ஆபத்தாகத் தாறுமாறானால் உள்ளிருந்தே ஷாக் கொடுத்துச் சரிசெய்யும் கருவி), கணக்கே வேறு. தண்ணீரில் இருக்கும்போது மயக்கமோ ஷாக்கோ வந்தால் கரைக்கு வர முடியாது. தனியாக இறங்கவே கூடாது என்பது நிபந்தனை. விஷயம் தெரிந்த ஒருவர் கூடவே நீந்துவார். ஆழத்தில் டைவிங் செய்கிறவர்கள் இங்கே இருக்கிறீர்களா? கருவிக்குக் கருவி ஆழ வரம்பு மாறும் என்கிறார்கள். உங்களுக்கு என்ன சொன்னார்கள்?