ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளோடு பவளப்பாறை ஆய்வு: கடலில் இறங்காமல் எப்படிச் செய்வது?

மெர்தாஜாம் டீச்சர் கேட்டது:

வணக்கம். புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத் தமிழ்ப்பள்ளி, ஐந்தாம் ஆண்டு, 26 பிள்ளைகள். பவளப்பாறையும் அதன்மேல் நமக்குள்ள பொறுப்பும் என்ற தலைப்பில் ஆறு வார ஆய்வு, வாரம் ஒரு மணி நேரம். சமையலறைத் தராசு ஒன்று, கண்ணாடிக் குவளைகள், ஒரு கைப்பேசி, இவ்வளவுதான் கைவசம். பவளப்பாறை உள்ள பாயார் தீவுக்குக் கூட்டிப்போக வழியில்லை. யாரைக் கேட்டாலும் முட்டை ஓட்டை வினிகரில் போடச் சொல்கிறார்கள். பிள்ளைகளே அளந்து, அவர்களே ஒரு முடிவுக்கு வரும்படி வேறு என்ன செய்யலாம்? இன்னொன்று: பள்ளிக்குப் பின்னால் ஓடும் கால்வாய் ஜூரு ஆற்றில் விழுகிறது. அந்தத் தண்ணீர்தான் பாயார் பவளத்தைக் கெடுக்கிறது என்று காட்டலாமா?

தெலுக் பாஹாங் அலை:

டீச்சர், முதல் இரண்டு வாரத்தைக் கணக்கெடுப்புக்கே கொடுங்கள். பவளப்பாறைகளைக் கணக்கெடுக்கும் ரீஃப் செக் அமைப்பின் முறையில் முக்குளிப்பவர்கள் 100 மீட்டர் நாடாவை விரித்து, 20 மீட்டர் வீதம் நான்கு துண்டுகளை, நடுவில் 5 மீட்டர் விட்டுவிட்டு அளக்கிறார்கள். ஒவ்வொரு அரை மீட்டரிலும் நாடாவுக்கு நேர் கீழே என்ன இருக்கிறதோ அதைக் குறிக்க வேண்டும். துண்டுக்கு 40 புள்ளி, மொத்தம் 160. உங்களுக்கு ஒரு துண்டு போதும், நடைகூடத்தில் 20 மீட்டர் கயிறு கட்டிவிடலாம்.

கயிற்றின் அடியில் ஒரு "பாறை" அமைக்க வேண்டும். படம் அச்சடித்தால் செலவு எகிறும். மணிலா அட்டையில் வெட்டிய பவளம், உடைந்த ஓட்டுத் துண்டு, பெரிய கல், செய்தித்தாளில் பரப்பிய மணல், இவை போதும். சில பவளங்களை வெள்ளை அட்டையிலும், சிலவற்றைப் பச்சையும் பழுப்புமாகத் தீட்டியும் வையுங்கள். நூலில் ஒரு இரும்பு நட்டைக் கட்டி, முழங்கால் உயரத்திலிருந்து தொங்கவிட்டு, ஆட்டம் நின்றதும் அது தொடும் பொருளை எழுத வேண்டும்.

இதில் மூன்று தவறு வழக்கமாக வரும். ஒன்று, பிள்ளைகள் 0 மீட்டரிலும் 20 மீட்டரிலும் குறிப்பார்கள், 41 புள்ளி வந்துவிடும். 0-இல் தொடங்கினால் 19.5-இல் நிறுத்த வேண்டும். இரண்டு, நட்டு மணலில் விழப்போகிறது என்று தெரிந்தால் கை தானாகவே அழகான பவளத்தின் பக்கம் நகரும். அதனால் நூலைப் பிடிப்பவர் ஒருவர், குனிந்து பார்த்துச் சொல்பவர் வேறொருவர். மூன்று, கல்லா நொறுங்கலா என்ற சண்டை. அரை சென்டிமீட்டருக்குக் குறைவு மணல், அதிலிருந்து 15 சென்டிமீட்டர் வரை நொறுங்கல், அதற்கு மேல் பாறை. பிள்ளைகளின் சிறிய அளவுகோல் சரியாக 15 சென்டிமீட்டர்தான், பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சண்டை தீர்ந்துவிடும்.

மூன்று குழுக்களை அதே கயிற்றில் தனித்தனியாக அளக்கவிடுங்கள். ஒரு புள்ளி மாறினால் 2.5% மாறும். உயிருள்ள பவளம் 35% என்று ஒரு குழுவும் 42.5% என்று இன்னொன்றும் சொன்னால், எந்த மூன்று புள்ளியில் பிரிந்தார்கள் என்று தேடவிடுங்கள். அந்தத் தேடலைத்தான் நான் உண்மையான பாடம் என்பேன்.

வெள்ளைப் பவளத்தை எல்லாப் பிள்ளைகளும் "செத்தது" என்றே எழுதுவார்கள். திருத்தாமல் விட்டுவிடாதீர்கள். பவளம் ஓர் உயிரினம். அதன் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் நிறத்தையும் பெரும்பகுதி உணவையும் தருகிறது. வெப்பம் கூடினால் அந்தப் பாசி வெளியேறிவிடும், கண்ணாடி போன்ற திசுவின் வழியே உள்ளிருக்கும் வெள்ளைச் சுண்ணாம்புக்கூடு தெரியும். உயிர் இன்னும் இருக்கிறது. சில வாரங்களுக்குள் நீர் குளிர்ந்தால் பிழைக்கவும் கூடும். ஆகவே அது உயிருள்ள பவளத்தில்தான் சேரும், "வெளிறியது" என்று பக்கத்தில் ஒரு குறிப்பு போட்டுக்கொள்ளலாம். செத்துச் சில நாளானதன் மேல் பாசி படர்ந்து பச்சையும் பழுப்புமாக, வெல்வெட்டு மாதிரி இருக்கும்.

செந்தூல் ஆய்வுமேசை:

வினிகர் சோதனையை ஒதுக்க வேண்டாம். ஆனால் அதை மட்டும் காட்டினால் பிள்ளைகள் கடல் வினிகர் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். கடலின் பி.எச் (அமில-கார அளவு, 7-க்கு மேல் காரம்) தொழிற்புரட்சிக்கு முன் ஏறக்குறைய 8.2, காற்றிலுள்ள கரியமில வாயு கரைந்து இப்போது 8.1 அளவில். கடல் இன்றும் காரப் பக்கம்தான். ஓடு கரைந்து போவதைவிட, ஓடு கட்டுவதற்குப் பவளம் கூடுதலாகப் பாடுபட வேண்டியிருக்கிறது என்பதே முதல் சிக்கல். இதை வாய்விட்டுச் சொல்லிவிட்டுச் சோதனையைத் தொடங்குங்கள்.

முட்டை ஓட்டைவிடப் பாசாரில் கிடைக்கும் கெராங் என்ற சிப்பியின் ஓடு நல்லது. சமையலறைத் தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது, அதனால் ஒற்றை ஓட்டை நிறுத்தால் மாற்றமே தெரியாது. பத்து ஓடுகளைச் சேர்த்து நிறுக்க வேண்டும். முன்னும் பின்னும் ஒரு நாள் வெயிலில் காயவைக்க வேண்டும், ஈரமே இரண்டு மூன்று கிராம் ஏமாற்றிவிடும். 5% என்று எழுதிய வினிகர் 100 மில்லிலிட்டர் அதிகபட்சம் 4 கிராம் சுண்ணாம்பைத்தான் கரைக்கும். அதற்கு மேல் ஓடு போட்டால் குமிழி நின்றுவிடும், அமிலம் தீர்ந்துபோனது தெரியாமல் "ஓடு தாங்கிவிட்டது" என்று பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். பத்து ஓட்டுக்கு 500 மில்லிலிட்டர் ஊற்றுங்கள், மூடியை இறுக்காதீர்கள், வாயு சேர்ந்தால் புட்டி தெறிக்கும்.

அடுத்த வாரம் உண்மைக்கு நெருக்கமான சோதனை. ஊதாக் கோசைப் பொடியாக நறுக்கி வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டினால், அமிலத்துக்கும் காரத்துக்கும் ஏற்ப நிறம் மாறும் நிறங்காட்டி தயார். கடல்நீருக்குப் பதில் ஒரு லிட்டர் தண்ணீரில் 35 கிராம் உப்பு என்று எல்லாக் கையேட்டிலும் இருக்கும். வெறும் சாப்பாட்டு உப்பு இங்கே உதவாது. கடல்நீரில் பி.எச்-ஐத் தாங்கிப்பிடிக்கும் பைகார்பனேட் அதில் இல்லை. லிட்டருக்கு 0.2 கிராம் சமையல் சோடா, அதாவது இரண்டு விரலால் எடுக்கும் ஒரு சிட்டிகை, சேருங்கள். அதில் நிறங்காட்டியைக் கலந்தால் நீலம் வரும். உறிஞ்சுகுழலால் இரண்டு நிமிடம் மெல்ல ஊதினால் மூச்சிலுள்ள கரியமில வாயு கரைந்து ஊதாவாக மாறும். சோடா அரைத் தேக்கரண்டி ஆகிவிட்டால் எவ்வளவு ஊதினாலும் மாறாது. ஊதாத குவளை ஒன்றைப் பக்கத்தில் வைத்து, இரண்டுக்கும் பின்னால் வெள்ளைத்தாள் பிடித்து ஒப்பிடுங்கள். ஆளுக்கு ஒரு குழல், குழலின் மேற்பகுதியில் ஊசியால் ஒரு துளை. உறிஞ்சினால் தண்ணீர் வாய்க்கு ஏறாது, காற்றுதான் வரும்.

மெர்தாஜாம் டீச்சர்:

மிக்க நன்றி. துளை யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. கால்வாய்க் கேள்விக்கு யாராவது பதில் சொல்லுங்களேன்.

பத்து மாவுங் கரை:

காட்ட முடியாது டீச்சர், முயலவும் வேண்டாம். பாயார் லங்காவிக்குத் தெற்கே, திறந்த கடலில் இருக்கிறது. உங்கள் கால்வாய்த் தண்ணீர் அங்கே போய்ச் சேர்ந்தது என்பதற்குப் பிள்ளைகளிடம் எந்த அளவையும் இருக்காது. ஜூரு ஆறு விழுவது பினாங்குத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவிலுள்ள நீரிணையில். அங்கே சேற்றுத்திட்டு, அலையாத்தி, கெராங் எல்லாம் இருக்கின்றன. முதல் பாலத்துக்குப் பக்கத்தில் பெத்திங் தெங்ஙா என்கிற மணல்திட்டில் கடற்புல்லும் வளர்கிறது. உங்கள் கால்வாய் பதில் சொல்ல வேண்டியது இந்த உயிர்களுக்கு. எங்கோ இருக்கும் பவளத்துக்காக வருந்தச் சொல்வதைவிட, தட்டில் வரும் கெராங்குக்காகப் பொறுப்பேற்கச் சொல்வதைப் பிள்ளைகள் சட்டெனப் பிடித்துக்கொள்வார்கள்.

அளக்க வேண்டியது கலங்கல். பக்கம் நேராக உள்ள 1.5 லிட்டர் புட்டியின் கழுத்தை வெட்டுங்கள். அடிப்பாகம் மேடுபள்ளமாக இருப்பதால் அதில் நேரடியாக வரைய முடியாது. வெள்ளை ஐஸ்கிரீம் மூடியை வட்டமாக வெட்டி, கறுப்பு மையில் பெருக்கல் குறி போட்டு, அடியில் ஒரு 50 சென் காசை ஒட்டி உள்ளே இறக்குங்கள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, மேலிருந்து பார்க்கும்போது குறி மறையும் உயரத்தைச் சென்டிமீட்டரில் எழுத வேண்டும். புட்டி நிறைந்தும் குறி தெரிந்தால் "22-க்கு மேல்" என்று அந்தப் புட்டியின் உயரத்தை எழுதினால் போதும். மழை இல்லாத நாளில் ஒரு முறை, கனமழை விட்ட அரை மணி நேரத்தில் ஒரு முறை. இரண்டு மணி நேரம் தாமதித்தால் மழைக்கால அளவு கிடைக்காது. ஊற்றுவதற்கு முன் வாளியைக் கலக்க மறந்தால் மண் அடியில் தங்கி, மழைத்தண்ணீர் தெளிவாக இருப்பதாகக் காட்டும்.

தண்ணீர் மொள்வது பெரியவர்கள் மட்டும், கயிறு கட்டிய வாளியில், கையுறையோடு. எலிக்காய்ச்சல் ஆபத்து உண்டு. கையில் சிராய்ப்புள்ள பிள்ளை அந்த நீரைத் தொடவே கூடாது.

மழைக்குப் பின் குறி 4 சென்டிமீட்டரில் மறைந்தால், மண் எங்கிருந்து வருகிறது என்று கால்வாயின் மேற்பக்கம் பாதுகாப்பாக நடந்து பாருங்கள். புல் இல்லாத திடலா, கட்டுமான இடமா, லோரி சக்கரம் கொண்டுவந்த சேறா? பள்ளித் திடலிலிருந்தே வருகிறதென்றால், அந்த ஓரத்தில் பிள்ளைகள் புல் நட்டு, நான்காவது வாரமும் ஆறாவது வாரமும் திரும்ப அளக்கலாம். புல் வேர்பிடிக்க மூன்று வாரமாவது ஆகும், அதனால் இதை முதல் வாரமே தொடங்கிவிடுங்கள்.

தெலுக் பாஹாங் அலை:

மேலே சொன்னது சரி. பாயாரை முழுக்க விட்டுவிடவும் வேண்டாம், அதற்கு வேறு கயிறு இருக்கிறது: வெப்பம். வழக்கமான உச்ச வெப்பத்தைவிட ஒரு பாகை மட்டும் கூடி, நான்கு வாரம் நீடித்தாலே பவளம் வெளிறத் தொடங்கும். 2010-இல் வெளிறல் பரவியபோது தியோமான், ரெடாங், பாயார் தீவுகளில் சில முக்குளிப்பு இடங்களைத் தற்காலிகமாக மூடினார்கள். 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது வெளிறல் அறிவிக்கப்பட்டது. சேறு உள்ளூர்க் கணக்கு, வெப்பம் நம் மின்சாரத்துக்காக எரியும் எரிபொருளின் கணக்கு. பள்ளி மின்மானியை ஒரு வாரம் தினமும் காலை 7.30-க்கும் பிற்பகல் 1.30-க்கும் பிள்ளைகளே படித்து எழுதட்டும், சனி ஞாயிறுக்குக் காவலர் அண்ணனிடம் சொல்லிவைக்கலாம். பிற்பகலிலிருந்து மறுநாள் காலை வரை, யாருமே இல்லாத பள்ளியில் எத்தனை அலகு ஓடியிருக்கிறது என்று கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை: கண்காட்சிக்கு வைக்கிறோம் என்று யாராவது நிஜப் பவளத் துண்டு கொண்டுவந்தால் வாங்காதீர்கள். கடல் பூங்காக்களில் செத்த துண்டை எடுப்பதும் குற்றம். அட்டைப் பவளமே இருக்கட்டும்.