ஏற்காட்டில் மாட்டிய ஃப்ராஸ்டட் ஜன்னல், மழை பெய்தால் தெளிவாகிவிடுகிறது. ஏன்?

அம்மாபேட்டை ஸ்டிக்கர்

எல்லோருக்கும் வணக்கம். அம்மாபேட்டையில் ஆறு வருடமாக ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிறேன். நம்பர் பிளேட், கடை போர்டு, ஆட்டோ கண்ணாடியில் குலதெய்வம் பெயர், இவைதான் வேலை. ஸ்டிக்கர் வெட்டும் பிளாட்டர் மெஷின்தான் கையில் இருக்கிறதே, கண்ணாடியிலும் டிசைன் அடித்துப் பார்ப்போம் என்று போன தை மாதம் செகண்ட் ஹேண்டில் ஒரு கம்ப்ரஸரும், மணலைக் காற்றோடு பீய்ச்சி அடிக்கும் பிளாஸ்டிங் டேங்கும் வாங்கினேன். இதுவரை பதினோரு பூஜை அறைக் கதவு முடித்துக் கொடுத்திருக்கிறேன். லட்சுமி, மயில், குத்துவிளக்கு, இந்த மூன்றைத் தாண்டி யாரும் கேட்பதில்லை.

இப்போது மூன்று சிக்கல். முதலாவதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. ஏற்காட்டில் ஒரு வீட்டுக்குக் குளியலறை ஜன்னல் இரண்டு செய்தேன். 5 மி.மீ. கண்ணாடி, முழுக்க ஃப்ராஸ்டிங் (மணல் அடித்து வெள்ளையாக்குவது), நடுவில் ஒரு காபிக் கிளை கொஞ்சம் ஆழமாக. மாட்டிய அன்று எல்லோருக்கும் பிடித்திருந்தது. போன வாரம் நல்ல மழை. வீட்டுக்கார அம்மா போன் செய்து, "தம்பி, வெள்ளையெல்லாம் போய்விட்டது, வெளியில் நின்றால் உள்ளே தெரிகிறது" என்றார். மறுநாள் வெயில் அடித்ததும் மறுபடி வெள்ளையாகிவிட்டதாம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் சங்கடமாக இருக்கிறது.

இரண்டாவது, பெரிய கண்ணாடியில் வெள்ளை சீராக வருவதில்லை, திட்டுத் திட்டாக மேகம் மாதிரி நிற்கிறது. மூன்றாவது, மயில் கழுத்து, தோகைக் கோடு மாதிரி மெல்லிய இடங்களில், மணல் படாமல் மறைக்க ஒட்டிய ஸ்டிக்கர் பிய்ந்து பறந்துவிடுகிறது.

வேலை செய்வது வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய் கட்டிய ஷெட்டில். கட்டட வேலைக்கு வரும் மணலைச் சலித்துக் காய வைத்து எடுத்துக்கொள்கிறேன். முகத்தில் துண்டு கட்டிக்கொள்வேன், அதில் ஒன்றும் பிரச்சினை இல்லை. மேலே சொன்ன மூன்றுக்கும் அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

ஏற்காடு மிளகுக்கொடி

எங்கள் வீட்டிலும் இதே கதைதான் நடந்தது தம்பி. ஏரிக்கு மேலே இருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகையில் பல நாள் மதியம் மூன்று மணிக்கே மூடுபனி இறங்கிவிடும், ஜன்னலில் தண்ணீர் வழியும். கீழே சேலத்தில் மாட்டுகிற மாதிரி இங்கே மாட்டினால் சரிவராது. நாங்கள் கடைசியில் உள்பக்கம் ஒரு திரை போட்டுக்கொண்டோம். கண்ணாடிக்கே வழி இருந்தால் நானும் தெரிந்துகொள்கிறேன்.

பழைய பட்டறை

தம்பி, சீலநாயக்கன்பட்டி பக்கம் இருபத்திரண்டு வருடமாக இதே வேலை செய்கிறேன். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் கடைசியில் "அதில் ஒன்றும் பிரச்சினை இல்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். தயவுசெய்து இன்றைக்கே அந்த மணலை நிறுத்துங்கள்.

ஆற்று மணலானாலும் எம்-சாண்டானாலும் அதில் குவார்ட்ஸ் இருக்கிறது. குவார்ட்ஸ் என்பது சிலிகா. காற்றின் வேகத்தில் கண்ணாடியில் மோதியதும் ஒவ்வொரு மணலும் நொறுங்கிப் பொடியாகிறது. ஷெட்டில் புகை மாதிரி நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். கண்ணுக்குத் தெரிகிற அந்தப் புகைகூட மூக்கிலும் தொண்டையிலும் பாதி நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத பொடி, சில மைக்ரான் அளவுதான், நேராக நுரையீரலின் அடிவரைக்கும் போகிறது. அதைத் துண்டு தடுக்காது. துண்டின் நூல்களுக்கு நடுவே இருக்கும் ஓட்டை அதற்குக் கோட்டை வாசல்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் மணலில்தான் அடித்தார். அன்றைக்கு எல்லோரும் அப்படித்தான். கை அப்படி ஒரு கை. தாமரை இதழ் அடித்தால், விளக்கைப் பின்னால் வைத்ததும் இதழ் நம்மை நோக்கி வளைந்து வரும். நாற்பத்தாறு வயதில் அவரால் பட்டறை மாடிப்படி ஏற முடியவில்லை. டி.பி. என்று மருந்து சாப்பிட்டார். அந்த மருந்து முடிந்தும் மூச்சு திரும்பவில்லை. பிறகுதான் சிலிகோசிஸ் என்று தெரிந்தது, சிலிகா தூசியால் வரும் நுரையீரல் நோய். அதற்குக் குணமாக்கும் மருந்து கிடையாது. அது வந்த நுரையீரலில் டி.பி.யும் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். கடைசி ஒரு வருடம் நான்கு தலையணையை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார். நான் பார்க்கப் போனால் பேசமாட்டார். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு தடவை மூச்சு வாங்க வேண்டுமே, அதனால் கையால்தான் ஜாடை காட்டுவார்.

1870-ல் பிலடெல்பியாவைச் சேர்ந்த பெஞ்சமின் சூ டில்க்மேன் இந்த சாண்ட் பிளாஸ்டிங் முறைக்குக் காப்புரிமை வாங்கியபோது அது உண்மையிலேயே மணல்தான். இப்போது பெயரில் மட்டும்தான் சாண்ட் இருக்க வேண்டும். பிரிட்டனில் வார்ப்படங்களைச் சுத்தம் செய்ய மணல் அடிப்பதை 1949-லேயே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். துருக்கியில் ஜீன்ஸ் துணி வெளுக்க மணல் அடித்த இளைஞர்களுக்கு இதே நோய் வந்து, 2009-ல் அங்கே தடை செய்தார்கள். துணிக்கு அடித்தவர்களுக்கே இந்தக் கதி.

நாங்கள் போடுவது அலுமினியம் ஆக்சைடு. பழுப்பு நிறப் பொடி, 25 கிலோ மூட்டையாக வரும். விலை மணலைவிடப் பல மடங்கு, மறைக்கவில்லை. ஆனால் மணல் ஒரு அடியில் பொடியாகிவிடும். இதைக் கூட்டிச் சலித்துத் திரும்பத் திரும்ப அடிக்கலாம். மணலைவிடக் கடினம் என்பதால் கண்ணாடியைச் சீக்கிரம் வெட்டும். கரண்ட் செலவும் நேரமும் குறைவதைச் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதற்காக அந்தத் தூசியையும் மூச்சில் இழுக்கலாம் என்று அர்த்தமில்லை. நான்கு பக்கமும் மூடிய கேபின், தூசியை இழுத்துப் பையில் பிடிக்கும் ஃபேன், முகத்தில் இடைவெளி விடாமல் உட்காரும் ஃபில்டர் மாஸ்க், இவை வேண்டும். கேபினுக்குள்ளேயே ஆள் நின்று அடிப்பதானால் வெளியிலிருந்து சுத்தக் காற்று வரும் ஹூட் வேண்டும்.

இன்னொன்று. ஒரு தடவை நெஞ்சு எக்ஸ்ரேயும் மூச்சுத் திறன் பரிசோதனையும் எடுத்துவிடுங்கள். டாக்டரிடம் "மணல் பிளாஸ்டிங் செய்தேன்" என்று நீங்களாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்? ஷெட்டுக்குப் பக்கத்தில் துணி காயப்போடும் கொடி இருக்கிறதா? வீட்டில் குழந்தைகள் உண்டா?

சரி, இப்போது ஜன்னல். ஃப்ராஸ்டிங் என்பது பூச்சு இல்லை. கண்ணாடியின் முகத்தில் கோடிக்கணக்கான குழிகள், அவ்வளவுதான். வெளிச்சம் அந்தக் குழிகளில் பட்டுச் சிதறுவதால் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. தண்ணீர் ஏறினால் குழிகள் நிரம்பி முகம் மறுபடி வழவழப்பாகிவிடும். தண்ணீருக்கும் கண்ணாடிக்கும் வெளிச்சம் வளைகிற அளவில் வித்தியாசம் குறைவு, அதனால் சிதறலும் குறைந்துவிடும். காய்ந்ததும் பழையபடி வெள்ளை. அடித்த பக்கம் வெளியே பார்த்திருக்கிறது, அதில் மழை அடித்திருக்கிறது. உங்கள் வேலையில் குறை இல்லை தம்பி, மாட்டிய பக்கம்தான் மாறிவிட்டது. விரலில் தண்ணீர் தொட்டு, கடையில் கிடக்கும் ஒரு ஃப்ராஸ்டட் துண்டின் மேல் உங்கள் பெயரை எழுதிப் பாருங்கள். அந்த எழுத்து வழியாகப் பின்னால் இருப்பது தெரியும்.

அடித்த பக்கத்தை உள்ளே திருப்பி மாட்டுங்கள். ஷவர் தண்ணீர் நேராகப் படாத ஜன்னல் என்றால் பெரும்பாலும் அதுவே போதும். உள்ளே நீராவி வழியும் என்றால், தண்ணீரை முத்து முத்தாக உருட்டிவிடும் கண்ணாடி சீலர் ஒன்றை மெல்லிசாகப் பூசலாம். விரல் எண்ணெய்க் கறையும் ஏறாது. வார்னிஷ் மாதிரி கெட்டியாக எதையும் பூசிவிடாதீர்கள், அதுவும் குழியை நிரப்பித் தெளிவாக்கிவிடும். ஏற்காடு மிளகுக்கொடிக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: இரண்டு பக்கமும் ஈரம் தங்குகிற வீட்டுக்கு, நடுவில் காற்று இடைவெளி விட்டு ஃபேக்டரியில் சீல் செய்த இரட்டைக் கண்ணாடியில், அடித்த முகம் அந்த இடைவெளிக்குள் இருக்கும்படி செய்யச் சொல்லலாம். இரண்டு கண்ணாடியைப் பிலிம் வைத்து ஒட்டும் லேமினேட்டட் வகையில் அடித்த முகத்தை உள்ளே வைத்தால் மோசம் போவீர்கள். பிலிம் உருகிக் குழியில் இறங்கி, வெள்ளை நிரந்தரமாகவே போய்விடும்.

மேகத் திட்டுக்குக் காரணமே உங்கள் சலித்த மணல்தான். ஒன்று பெரிது, ஒன்று சிறிது. ஒரே அளவில் சலித்து வரும் 150 அல்லது 180 மெஷ் அலுமினியம் ஆக்சைடு பொடிக்கு மாறினாலே பாதி சரியாகும். மீதி ஈரம். கம்ப்ரஸர் டேங்கின் அடி வால்வைத் தினமும் திறந்து தண்ணீரை விடுங்கள், லைனில் ஈரத்தைப் பிடிக்கும் மாய்ஸ்சர் டிராப் ஒன்று போடுங்கள். ஃப்ராஸ்டிங்குக்கு இரண்டரை, மூன்று கிலோ பிரஷர் போதும். நாசிலை ஓரடி தள்ளிப் பிடித்து, முதலில் இடமிருந்து வலமாக முழுக்க ஒரு தடவை, அப்புறம் மேலிருந்து கீழாக ஒரு தடவை. கண்ணாடிக்குப் பின்னால் கறுப்புத் துணி தொங்கவிட்டால் விட்டுப்போன இடம் உடனே தெரியும்.

ஸ்டிக்கர் பறப்பதற்கு: போர்டுக்கு ஒட்டும் வினைல் ஃப்ராஸ்டிங்குக்குத் தாங்கும், ஆழமாகச் செதுக்கத் தாங்காது. அதற்கென்று ரப்பர் மாதிரி கனமான மாஸ்க் வருகிறது. கண்ணாடியை ஸ்பிரிட்டால் துடைத்து ஒட்டுங்கள். நாசிலைச் சாய்த்துப் பிடித்தால் காற்று ஓரத்தில் நுழைந்து தூக்கும், நேராகவே பிடியுங்கள். ஒரே இடத்தில் நின்று அடித்தால் சூட்டில் பசை இளகும்.

மயிலைப் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. செதுக்குவது கண்ணாடியின் பின்பக்கம், பார்ப்பது முன்பக்கம். அதனால் டிசைனைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பி வெட்ட வேண்டும். பார்ப்பவருக்கு எது முன்னால் நிற்க வேண்டுமோ அதன் மேல் இருக்கும் ஸ்டிக்கர் துண்டைத்தான் முதலில் கழற்றி, எல்லாவற்றையும்விட ஆழமாக அடிக்க வேண்டும். மயிலின் மார்பு முதலில், அப்புறம் சிறகு, கடைசியில்தான் தோகை. ஒவ்வொரு துண்டிலும் அடுத்த துண்டைத் தொடும் ஓரத்தில் ஆழத்தை அதிகமாக்கி, மறுபக்கம் போகப் போக மெலிதாக்குங்கள். மார்பு உருண்டு வரும். எல்லாவற்றையும் ஒரே ஆழத்தில் அடித்தால் அது ஸ்டிக்கர்தான், சிற்பம் இல்லை. 12 மி.மீ. கண்ணாடியில் நான் 3, 4 மி.மீ.-க்கு மேல் இறங்குவதில்லை.

டஃபன்டு கண்ணாடியில், அதாவது சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து உறுதியாக்கிய கண்ணாடியில் மட்டும் செதுக்கிவிடாதீர்கள். அதன் இரண்டு முகத்திலும் மொத்தக் கனத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு வரை இறுக்கம் இருக்கும். அதைத் தாண்டினால் முழுக் கண்ணாடியும் ஒரே சத்தத்தில் கல்கண்டு மாதிரி உதிரும். முதலில் செதுக்கி, அப்புறம்தான் டஃபனிங்குக்கு அனுப்ப வேண்டும். எவ்வளவு ஆழம் வரை எடுத்துக்கொள்வார்கள் என்று முன்பே கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

சூரமங்கலம் அலுமினியம்

பெரியவர் எல்லாம் சொல்லிவிட்டார். திருப்பி மாட்டும்போது மட்டும் கவனம். கண்ணாடியைப் பிடித்திருக்கும் பீடிங் பட்டையை நெம்பி எடுக்காதீர்கள், முதலில் சிலிக்கான் பசையைப் பிளேடால் நான்கு பக்கமும் அறுத்துவிடுங்கள். புது சிலிக்கான் பசை, மணல் அடித்த பக்கத்தில் வழிந்தால் சட்டென்று போகாது, குழியில் ஏறிக் கறையாக நிற்கும். ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு அடியுங்கள்.

அம்மாபேட்டை ஸ்டிக்கர்

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். அண்ணா, உங்கள் பதிலைப் படித்த ராத்திரி ஷெட் பக்கமே போகவில்லை. கொடி இருக்கிறது. ஷெட்டிலிருந்து எட்டு அடி. மறுநாள் காலை வெயிலில் பையனின் பள்ளிக்கூடச் சட்டையை எடுத்து உதறினேன். தூசி பறந்தது. அவனுக்கு ஏழு வயது. கொடியை அன்றைக்கே மொட்டை மாடிக்கு மாற்றிவிட்டோம்.

எக்ஸ்ரே எடுத்தாயிற்று. இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை, ஒரு வருடம் கழித்து மறுபடி எடுக்கச் சொன்னார் டாக்டர். கையில் இருந்த இரண்டு ஆர்டரையும் கேபின் தயாராகும் வரை தள்ளிவைத்துவிட்டேன். ஒருவர் அட்வான்ஸைத் திரும்ப வாங்கிக்கொண்டார், பரவாயில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு போனேன். இருபது கொண்டை ஊசி வளைவும் பைக்கில்தான், கடைசி இரண்டு மூன்று வளைவில் மூடுபனியில் முன்னால் போன பஸ்ஸின் விளக்கு மட்டும்தான் தெரிந்தது. சூரமங்கலம் அண்ணா சொன்னபடி டேப் ஒட்டி இரண்டையும் திருப்பி மாட்டினேன். அந்த அம்மா ஒரு செம்பு தண்ணீரை வெளியிலிருந்து தானே வீசி ஊற்றிப் பார்த்தார். வெள்ளை அப்படியே நின்றது. காபிக் கிளை இப்போது கண்ணாடிக்குள்ளே இருப்பது மாதிரி தெரிகிறது, முன்பைவிட அழகு. வரும்போது அவர்கள் தோட்டத்துக் காபித்தூள் கால் கிலோ கட்டிக் கொடுத்தார்.

ஒரு சந்தேகம். ஷெட்டில் இன்னும் ஆறேழு சாக்கு மணல் கிடக்கிறது, தரையெல்லாம் பழைய பொடி. பூச்சு வேலைக்குக் கொடுத்துவிடலாமா?

பழைய பட்டறை

படிக்கப் படிக்க மனசு நிறைந்தது தம்பி. அடிக்காத மணலைக் கொத்தனாருக்குக் கொடுங்கள், தப்பில்லை. அடித்து முடிந்த பொடியை யாருக்கும் கொடுக்காதீர்கள், மணலைவிட அதுதான் ஆபத்து. துடைப்பத்தால் காய்ந்தபடி கூட்டவே கூடாது. முதலில் மெதுவாகத் தண்ணீர் தெளித்து நன்றாக நனையவிட்டு, மண்வெட்டியால் அள்ளி, ஈரமாகவே தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டுங்கள். மாஸ்க் போட்டுக்கொண்டு செய்யுங்கள். தார்ப்பாயை உதறாமல் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். அந்த நேரம் பையன் வீட்டில் இருக்க வேண்டாம்.

கேபின் தயாரானதும் அந்த மயில் ஃபைலை இங்கே போடுங்கள். எதை முதலில் கழற்ற வேண்டும் என்று ஒவ்வொரு துண்டுக்கும் நம்பர் போட்டுத் தருகிறேன்.