லோடிங் காயிலின் மேல்முனை மின்னோட்டத்தை எப்படி அளப்பது?

மொட்டைமாடி:
வணக்கம். 80 மீட்டர் அமெச்சூர் வானொலிப் பட்டைக்காகக் காரில் பொருத்தும் குட்டை ஆன்டெனா ஒன்றைச் செய்திருக்கிறேன். நடுவில் லோடிங் காயில் (குட்டை ஆன்டெனாவின் நீளக் குறையை ஈடுகட்டும் கம்பிச் சுருள்), அதற்கு மேல் ஒன்றரை மீட்டர் விப் (மெல்லிய குச்சி போன்ற பகுதி). காயிலின் இரு முனைகளிலும் ஒரே மின்னோட்டம்தானா என்று பார்க்கப் பழைய தெர்மோகப்பிள் அம்மீட்டரை (மின்னோட்டம் உண்டாக்கும் வெப்பத்தைக் கொண்டு அளப்பது) தொடரில் இணைத்தேன். காயிலுக்குக் கீழே இணைத்தபோது எதுவும் மாறவில்லை. மேலே இணைத்ததும் ஒத்ததிர்வு (ஆன்டெனா இயல்பாக ட்யூன் ஆகும் அதிர்வெண்) 3.6 மெகாஹெர்ட்ஸிலிருந்து 3.3 அருகே இறங்கிவிட்டது, அளவும் குறைவாகக் காட்டுகிறது. இதை நம்பலாமா?

பழைய வால்வு:
நம்ப வேண்டாம் ஐயா. அந்த விப்பின் மின்தேக்கம் ஏறத்தாழ 15 பிக்கோஃபாரட்தான், 3.6 மெகாஹெர்ட்ஸில் அது சுமார் 2900 ஓம். மீட்டரின் உலோக உடல் இன்னொரு 3 பிக்கோஃபாரட்டைச் சேர்த்தாலே, மேலே வரும் மின்னோட்டத்தில் ஆறில் ஒரு பங்கு அதற்குப் போய்விடும், அதிர்வெண்ணும் 9 சதவீதம் இறங்கும். நீங்கள் கண்ட 3.3 இதைத்தான் சொல்கிறது. காயிலுக்குக் கீழே மின்னழுத்தம் குறைவு என்பதால் அங்கே அதே 3 பிக்கோஃபாரட் ஒரு பொருட்டே இல்லை. மீட்டரின் இரு முனைகளையும் மாற்றி இணைத்துப் பாருங்கள். அளவு மாறினால், நீங்கள் அளந்தது ஆன்டெனாவை அல்ல, மீட்டரின் உடலை.

செம்புக்கம்பி:
கம்பியை வெட்டாமல் அளப்பதே நல்லது. சிறிய ஃபெரைட் (காந்தப் பொருள்) வளையத்தில் கம்பியை 20 சுற்று சுற்றி, அதன் குறுக்கே 100 ஓம் மின்தடையை இட்டு, ஜெர்மானியம் டையோடும் மிகச் சிறிய மைக்ரோ அம்மீட்டரும் சேர்த்து, ஆன்டெனாக் கம்பியை வளையத்தின் ஊடே விடுங்கள். இது கம்பியில் சேர்க்கும் தடை 100ஐ 400ஆல் வகுத்த அளவு, அதாவது கால் ஓம் மட்டுமே. மீட்டரைக் கீழே கொண்டுவர நீண்ட ஒயர் இழுக்காதீர்கள், அந்த ஒயரே இன்னோர் ஆன்டெனாவாகிவிடும். தள்ளி நின்று பைனாகுலரில் படியுங்கள். கருவி கீழே இருக்கும்போது மேலே அதே அளவுள்ள போலி ஒன்றை மாட்டி வைத்தால் ட்யூனிங் கலையாது. டையோடு நேர்விகிதத்தில் காட்டாது என்பதால், இரண்டு இடத்திலும் முள் ஒரே கோட்டில் நிற்குமாறு டிரான்ஸ்மிட்டரின் வாட்டை மாற்றி, அந்த வாட்டுகளின் விகிதத்துக்கு வர்க்கமூலம் எடுங்கள். வளையத்தைத் திருப்பி மாட்டியும் பாருங்கள். அளவு மாறினால் மின்புலமும் உள்ளே புகுகிறது என்று பொருள், அப்போது அதற்கு மறைப்புத் தேவை.

மொட்டைமாடி:
அப்படியே செய்தேன். திருப்பி மாட்டியபோது அளவு மாறவில்லை. மேலே மாட்டியதால் ஒத்ததிர்வு 40 கிலோஹெர்ட்ஸ் மட்டுமே நகர்ந்தது. கீழே 5 வாட்டில் நின்ற முள், மேலே அதே கோட்டுக்கு வர 6.2 வாட் தேவைப்பட்டது. அப்படியானால் மேலே 10 சதவீதம் குறைவு. இதிலும் கருவியின் பங்கு இருக்குமா?

பழைய வால்வு:
40 கிலோஹெர்ட்ஸ் நகர்வு என்பது மின்தேக்கத்தில் சுமார் 2 சதவீதக் கூடுதல். கருவியின் பங்கு அதற்கு மேல் போகாது. மீதி உங்கள் காயிலுடையது. காயிலுக்கும் கார் உடலுக்கும் இடையே இருக்கும் மின்தேக்கம் வழியே அவ்வளவும் வழியிலேயே பிரிந்து போகிறது. காயில் நீளமாகவும் மேலே உள்ள விப் குட்டையாகவும் ஆக ஆக இந்தக் குறைவு கூடும்.