அடுக்கின் நடுவில் விறகு காயவில்லை, வழி சொல்லுங்கள்
நண்பர்களே, விறகு பிளந்து, காயவைத்து விற்கிறேன். எரிக்கும் விறகில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், இல்லையென்றால் புகைதான் மிஞ்சும். அடுக்கின் ஓரக் கட்டைகள் நன்றாகக் காய்கின்றன. நடுவில் இருப்பதை எடுத்துப் பிளந்து, அந்தப் புது முகத்தில் மீட்டர் வைத்தால் 30 காட்டுகிறது. சிலவற்றில் பூஞ்சையும் பிடிக்கிறது. தரையிலிருந்து உயர்த்தித்தான் அடுக்கியிருக்கிறேன். மேலே கூரை, பக்கங்கள் திறந்தே இருக்கின்றன. வெட்டு முனை வழியாகத்தான் ஈரம் வேகமாக வெளியேறும் என்பதால் முனைகள் காற்றைப் பார்த்தபடி இருக்கின்றன.

வரிசைகளுக்கு இடையே எவ்வளவு இடம் விடுகிறீர்கள்? மின்விசிறி வைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா, கரண்ட் செலவு கட்டுப்படியாகிறதா? அப்புறம், காய்ந்ததை மழைக்காலத்தில் தனிக் கொட்டகைக்கு மாற்றுகிறீர்களா? நம்பி வாங்குபவர்களுக்கு ஈர விறகைக் கொடுக்க மனசு வரவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.